பதினோரு விநாடி கேட்

அத்தியாயம் 6

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள் வக்கீலம்மா.

இது பதினேழாவது தடவை. எடிட்டிங் ரூமின் ஏசி எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. இயக்குநர் தாடியைச் சொறிந்துகொண்டே பொத்தானை அழுத்தினார். அந்தத் தாடிக்காகவே ஊர் அவரைத் தாடி என்றுதான் கூப்பிட்டது. அவருக்கு அதில் வருத்தம் கிடையாது.

திரையில் கறுப்பு வெள்ளை. முக்கால்வாசி திறந்து கிடக்கிற ஓர் இரும்புக் கேட். முகம் தெளிவாகத் தெரியாத, காக்கிச் சட்டை போட்ட வாட்ச்மேன் ஒருவர் இரண்டு கையாலும் கதவைப் பிடித்தபடி முன்னால் நடந்து போய் அதைச் சாத்துகிறார். சங்கிலியை மாட்டுகிறார், பூட்டுகிறார், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். மொத்தம் பதினோரு விநாடி. அடுத்த காட்சியில், உள்ளே மாட்டிக்கொண்ட பெண்கள் கேட்டைத் தட்டிக் கதறுகிறார்கள்.

கதறுகிற பெண்கள் நடிகைகள். அதைத் தாடியே ஒப்புக்கொண்டார். ஆனால் பூட்டுகிற மனிதர் நிஜம், முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் அந்த அட்டைப்பெட்டி ஆலை எரிந்த அன்று எடுத்த நிஜமான படம் என்று சத்தியம் பண்ணினார். ஆலையைப் பற்றி விளம்பரப் படம் எடுக்க வந்த ஒளிப்பதிவாளர் ஒருவர், தீப்பிடித்ததும் கேமராவைத் திருப்பி எடுத்த துண்டாம். அந்தத் தீயில் ஒன்பது பேர் செத்துப்போனார்கள்.

எது பழைய படம், எது புதிதாக எடுத்தது என்று தையல் தெரியாமல் ஒட்டியிருந்தார் மனிதர். அதே மங்கல், அதே கீறல், அதே நடுக்கம். "என் படத்துல பன்னிரண்டு நிமிஷம் நெசம், நாற்பது நிமிஷம் நடிப்பு. எது எதுன்னு யாராலயும் பிரிக்க முடியாது" என்று மார் தட்டிக்கொண்டார்.

"பாலில் தண்ணி கலக்கறவன்கூட இவ்வளவு பெருமையாச் சொல்ல மாட்டான்" என்றார் அத்தான்.

அத்தான் என்பது வக்கீலம்மாவின் அக்கா புருஷன். முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த மூன்றாம் மாதமே அவர் வாயைத் தாங்க முடியாமல், "உன் ஆபீஸ்ல இவரையும் ஒரு ஓரமாப் போட்டுக்கடி" என்று அக்கா தங்கையிடம் தள்ளிவிட்டுவிட்டாள். வக்கீலம்மா ஆறு வருஷம் கோர்ட்டில் வாய்தா வாங்கியே அலுத்துப்போய்த் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். வழக்கு போனாலும் பட்டம் போகவில்லை.

படம் அன்று மாலை ஆறு மணிக்கு முதல் காட்சி. இப்போது மணி பத்தரை. வக்கீலம்மாவுக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டிருந்த டீச்சர்தான் வழக்கைக் கொண்டுவந்தவள். அந்த வாட்ச்மேனின் ஒரே மகள். கேட்டைத் திறந்துவிட்டவன் நான் என்று அப்பா சொல்லித்தான் அவள் வளர்ந்தாள். போன வாரம் படத்தின் முன்னோட்டம் வெளியானதிலிருந்து அப்பா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. முந்தாநாள் அவர்கள் வீட்டு வாசல் கம்பியில் யாரோ ஒரு பூட்டைத் தொங்கவிட்டுப் போயிருந்தார்கள்.

"அது எங்கப்பா இல்ல. யாரோ நடிகர்" என்றாள் டீச்சர், நூறாவது தடவையாக.

தாடி அலட்டிக்கொள்ளவில்லை. "நடிப்புன்னு சாயங்காலத்துக்குள்ள நிரூபிங்க. என் கையாலேயே வெட்டிடறேன்" என்றார்.

பூட்டுகிற காட்சியையும் ஒரு நடிகரை வைத்து எடுத்துப் பார்த்தார்களாம். பிளைவுட் கேட் ஆட்டம் கண்டதால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். தூக்கிப் போட்டதாகச் சொல்கிறவன் தூக்கிப் போட்டானா என்று யாருக்குத் தெரியும்? வக்கீலம்மாவுக்கு வந்த எரிச்சலில் அந்தத் தாடியை ஒரு பிடி பிடித்து இழுத்திருப்பாள். அந்தப் பதினோரு விநாடியைச் செல்போனில் வாங்கிக்கொண்டு, டீச்சரும் அத்தானும் கூட வர, வெளியே வந்தாள்.

அந்த நடிகருக்குக் காக்கிச் சட்டை தைத்தவர் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தார். விலாசத்தைத் தாடியின் உதவியாளர் தப்பாகச் சொல்ல, இரண்டு தெரு சுற்றி, மூச்சு வாங்க மாடியேறிப் போனால், கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். முக்கால் மணி நேரம் நூல் கண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நேரம் சரியில்லைன்னா ஒட்டகத்து மேல உக்காந்திருந்தாலும் நாய் கடிக்கும்" என்றார் அத்தான். யாரும் சிரிக்கவில்லை.

வந்த தையல்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு செல்போனை மூக்கருகில் வைத்துப் பார்த்தார். ஒரே தடவைதான் பார்த்தார்.

"இது நான் தைச்சது இல்லைம்மா."

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று வக்கீலம்மா கேட்டாள். அதற்கு அவர், சாவியைப் பையில் போடுகிறாரே, அதை வைத்துத்தான் என்றார்.

"நடிகருங்க சட்டைக்கு நான் பையே வைக்க மாட்டேன். மேல மூடியை மட்டும் தைச்சு விட்டுடுவேன். பை வெச்சா செல்போனை உள்ள போட்டுக்கிட்டு ஷாட்டுல நிப்பாங்க, டைரக்டர் என்னைத் திட்டுவாரு. இந்த ஆளு பையில சாவி உள்ள போகுது. இது பொழப்புக்குப் போட்ட சட்டை."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை ஆகிவிட்டது. நடிப்பு என்று நிரூபிக்க வந்த இடத்தில், நிஜம் என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார் தையல்காரர். வக்கீலம்மா இதைச் சமாளித்துச் சொல்ல ஒரு வார்த்தை தேடுவதற்குள் டீச்சர் போனை எடுத்துவிட்டாள்.

"அப்பா, படத்துல இருக்கிறது நீங்கதான். நடிகர் இல்ல. இத்தனை வருஷமா என்கிட்ட பொய் சொன்னீங்களா?"

எதிர்முனையில் என்ன வந்ததோ தெரியாது. டீச்சரின் முகம் மட்டும் கல்லாகிக்கொண்டே போனது. "தெரியலைன்னா என்னப்பா அர்த்தம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள். வழக்கு போதும், இனி எதையும் தேட வேண்டாம் என்று வக்கீலம்மாவின் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள். படியிறங்கும் சத்தம் கேட்டது. கீழே தெருக்கதவை அவள் அறைந்து சாத்திய சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

வக்கீலம்மாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்று யோசிக்காமல் ஒரு பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, அவள் அப்பாவையே அவளிடமிருந்து பிடுங்கிவிட்டாளே. கோர்ட்டில் ஆறு வருஷம் கற்றது இதைத்தானா? பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே என்பது முதல் பாடம் அல்லவா?

கீழே வந்தால் தெருக்கதவு திறக்கவில்லை. டீச்சர் அறைந்த வேகத்தில் இரும்புக் கதவு தரையைக் கவ்விக்கொண்டிருந்தது. அத்தான் ஒரு கையால் இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலை ஊன்றி, உடம்பையே பின்னால் சாய்த்து, அடிமேல் அடியாகப் பின்வாங்கிக்கொண்டே இழுத்தார். கதவு முனகிக்கொண்டு வந்தது.

"அப்படியே நில்லுங்க, அத்தான்."

"நின்னுக்கிட்டே வர இதென்ன பஸ்ஸா?" என்றாலும் நின்றார்.

வக்கீலம்மா அவரையும் செல்போனையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு கதவைத் தள்ளிச் சாத்தச் சொன்னாள். கஷ்டப்பட்டுத் திறந்ததைச் சாத்தச் சொல்கிறாளே, வெயில் மண்டைக்கு ஏறிவிட்டதா என்று முணுமுணுத்தபடி அத்தான் தள்ளினார். முழங்கை மடங்கியது. தோள் முன்னால் போனது. தொப்பை அதற்கும் முன்னால் போனது.

"தள்றவன் முன்னாடி சாய்வான், அத்தான். இழுக்கறவன்தான் பின்னாடி சாய்வான். இதைப் பாருங்க. இந்த மனுஷன் கதவைத் தள்ளிச் சாத்தறாரு. ஆனா உடம்பு பின்னாடி சாய்ஞ்சிருக்கு. கை விறைச்சு நீட்டிக்கிட்டிருக்கு. முன்னாடி நடக்கறவரு குதிகாலை ஏன் ஊனணும்?"

அத்தான் செல்போனைப் பார்த்தார். அவருடைய வாய்க்கு அன்று முதல் முறையாக ஒரு விநாடி ஓய்வு கிடைத்தது.

"அப்போ இவரு இழுக்கறாரு" என்றார் மெதுவாக. "பின்னாடி நடந்துக்கிட்டே இழுக்கறாரு. படம்தான் ரிவர்ஸ்ல வருது."

நிஜமா நடிப்பா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிஜம்தான். முன்பக்கமா பின்பக்கமா என்றுதான் யாரும் கேட்கவில்லை. தாடி வேண்டுமென்றே பின்னாலிருந்து ஓட்டியிருக்கிறான் என்று வக்கீலம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. டீச்சரைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். இந்தத் தடவை போனையே அணைத்துவிட்டாள் மகராசி.

தாடி அந்தத் துண்டை வாங்கிய ஃபிலிம் காப்பகத்தில் அதன் அசலைப் பார்க்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வந்ததும், காரணம் என்ற கட்டத்தில் 'அவசரம்' என்று எழுதியிருப்பது செல்லாது என்றார். வேறு படிவம். அத்தான் பொறுக்கமாட்டாமல், இங்கே தீப்பிடித்தாலும் படிவம் நிரப்பிவிட்டுத்தான் ஓட வேண்டுமா என்று கேட்டுவைக்க, அதற்கும் சேர்த்துப் பதினைந்து நிமிஷம் தாமதமானது. உள்ளே நுழையும்போது மணி மூன்றே கால்.

காப்பாளர் ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மா. கையில் வெள்ளைப் பருத்தி உறை. முன்னோட்டத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்டதற்கு, நாள் முழுக்க இதைத்தான் பார்க்கிறேன், வீட்டிலும் போய் யார் பார்ப்பது என்றார். அலமாரியிலிருந்து உள்ளங்கை அகலத் தகர டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தார். சின்னச் சுருள். அதன் வெளிமுனையில் ஒரு சிவப்பு நாடா ஒட்டியிருந்தது.

வக்கீலம்மா செல்போனை நீட்டினாள். காப்பாளர் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். மறுபடி செல்போனைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, பாவி" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். அந்தக் காப்பகத்தில் ஒரு சுருளைப் பார்த்து முடித்தால் அதைத் திரும்பச் சுற்ற மாட்டார்கள். படம் முடிந்த முனை வெளியே இருக்கும்படி அப்படியே வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தால் சுருள் தளராமல் வருஷக்கணக்கில் கெடாதாம். வால் வெளியே இருக்கிறது என்பதற்கு அடையாளம் அந்தச் சிவப்பு நாடா. இங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது அ, ஆ மாதிரி. ஆனால் தாடியின் படத்துக்காக ஸ்கேன் பண்ணியது வெளியிலிருந்து வந்த கம்பெனி ஆள்.

"வால் பக்கத்திலேருந்து மாட்டியிருக்கான். படம் தலைகீழா வந்திருக்கும். கம்ப்யூட்டர்ல நிமித்தி விட்டுட்டு, வேலை முடிஞ்சுதுன்னு போயிட்டான். தலையை நிமித்தினா போதுமா? காலம் பின்னாடி ஓடுதே. பெரிய படமா இருந்தா புகை கீழ இறங்கறதைப் பாத்துக் கண்டுபிடிச்சிருப்பான். இது வெறும் கேட்டு."

நாடாவைப் பற்றி அவனிடம் யார் சொல்லியிருக்க வேண்டும் என்று வக்கீலம்மா கேட்டாள். காப்பாளர் கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, நான்தான் என்றார்.

ஆக, குற்றவாளி யாரும் இல்லை. தாடி ஏமாற்றவில்லை, ஏமாந்திருக்கிறார். காலையிலிருந்து சேர்த்துவைத்த கோபத்தைக் கொட்ட ஓர் ஆள் கிடைக்காமல் போனதில் வக்கீலம்மாவுக்கு எரிச்சல் இரண்டு மடங்கானது. காப்பாளர் சுருளைச் சரியாகச் சுற்றி, சின்னத் திரை வைத்த மேஜையில் மாட்டிக் கைப்பிடியைச் சுழற்றினார். வாட்ச்மேன் பையிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டைத் திறந்தார். சங்கிலியை உருவினார். கதவைப் பிடித்து, உடம்பைப் பின்னால் எறிந்து இழுத்தார். கேட் திறந்தது. அதற்கப்புறமும் ஒன்றரை விநாடி இருந்தது. நிறையக் கீறல் விழுந்திருந்ததால் தாடி வெட்டி எறிந்த பகுதி அது. அதையும் சேர்த்து வக்கீலம்மா செல்போனில் பதிவு பண்ணிக்கொண்டாள்.

டீச்சர் போனை எடுக்காததால் குறுஞ்செய்தி அனுப்பினாள். 'உங்கப்பா திறந்தார். தியேட்டருக்கு வாங்க.'

ஐந்து மணிக்கு அவர்கள் தியேட்டருக்குள் நுழைந்தபோது தாடி மேடையோரம் ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். செல்போனை வாங்கி நான்கு தடவை பார்த்தார். கூரையை, தரையை, மறுபடி செல்போனைப் பார்த்தார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

'அன்று கேட்டைப் பூட்டியது நான்தான். செத்துப்போனவர்களின் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.' கீழே வாட்ச்மேனின் கையெழுத்து.

"நாலு மணிக்குத் தனியா வந்தாரு. நான் கூப்பிடல. மேடையில ஏறிச் சொல்றேன்னாரு" என்றார் தாடி. அவருடைய குரலில் காலையில் இருந்த மிடுக்கு கொஞ்சம்கூட இல்லை. "இப்ப நான் எதை நம்பறது, மேடம்?"

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். வழக்கை ஜெயித்துக்கொண்டு வந்தால், கட்சிக்காரியின் அப்பாவே குற்றத்தை ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முன்வரிசையில், காலியான இருக்கைகளுக்கு நடுவே, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு கிழவர் மடியில் கை வைத்துக்கொண்டு இருந்தார். அதற்குள் டீச்சர் ஓடிவந்துவிட்டாள். காகிதத்தைப் பிடுங்கிப் படித்தாள்.

"ஏம்ப்பா இப்படி எழுதிக் குடுத்தீங்க? நீங்க திறந்தீங்கப்பா. இவங்க கண்டுபிடிச்சிட்டாங்க."

"நீ கேட்டதுக்கப்புறம் உக்காந்து யோசிச்சேம்மா" என்றார் அவர். "எத்தனை தடவை யோசிச்சாலும் பூட்டறதுதான் வருது. கறுப்பு வெள்ளையா வருது. உள்ள பொம்பளைங்க தட்டறாங்க. அவங்க முகம்கூட எனக்குத் தெரியுது."

அந்த முகங்கள் நடிகைகளுடையவை. அவர் அவர்களை அன்றைக்குப் பார்த்திருக்கவே முடியாது. ஒரு வாரமாக அந்த முன்னோட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, முப்பத்தெட்டு வருஷ ஞாபகத்தை மனிதர் அழித்துக்கொண்டிருந்தார்.

கேட் திறக்கிற வரை ஓட்டி, அந்த இடத்தில் நிறுத்தி, செல்போனை அவரிடம் காட்டினாள். பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அதுல பூட்டறேன். இதுல திறக்கறேன். ரெண்டுலயும் நான்தான் இருக்கேன். இதையும் இந்த டைரக்டர் மாதிரி யாராச்சும் பண்ணியிருப்பாங்க."

வக்கீலம்மா செல்போனைத் தாடியின் கையில் கொடுத்துவிட்டு, கிழவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். இந்தக் கேள்விக்கும் அவளுக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று தெரிந்தே கேட்டாள்.

"படத்தை விடுங்கய்யா. அந்தக் கேட் என்ன கலர்?"

"பச்சை" என்றார் அவர், யோசிக்காமலே.

"கறுப்பு வெள்ளையில எப்படிப் பச்சை தெரிஞ்சுது?"

அவர் அவளை விழித்துப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்குக் காலையிலதான் பெயிண்ட் அடிச்சோம். படம் எடுக்க வர்றாங்கன்னு முதலாளி அடிக்கச் சொன்னாரு. காயவே இல்ல. கையெல்லாம் ஒட்டுது, வழுக்குது. பிடி கிடைக்கல. காலை ஊனிக்கிட்டு இழுத்தேன்." நிறுத்தினார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி, இன்னொரு தடவை சொன்னார். "இழுத்தேம்மா. முதல்ல ஒரு பொண்ணு வந்துச்சு. விழப்போச்சு. என் சட்டையைக் கொத்தாப் பிடிச்சுக்கிட்டுது. இந்த இடத்துல. அது கையிலயும் பச்சை. அந்தச் சட்டையில அந்தக் கறை கடைசி வரைக்கும் போகவே இல்ல."

இடது தோளுக்குக் கீழே, சலவைச் சட்டையின்மேல், கையை வைத்துக் காட்டினார்.

வக்கீலம்மா தாடியைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் மிச்சப் படத்தை ஓட்டினார். கீறலுக்கும் புள்ளிக்கும் நடுவே, திறந்த கேட்டிலிருந்து ஒரு பெண் தடுமாறி வெளியே வந்தாள். அவளுடைய கை வாட்ச்மேனின் இடது தோளுக்குக் கீழே சட்டையைக் கொத்தாகப் பற்றியது. அத்தோடு படம் முடிந்துவிட்டது. தாடி செல்போனைக் கிழவருக்குத்தான் காட்டினார், ஆனால் தானும் குனிந்து பார்த்து, மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆறு மணிக் காட்சி நடக்காது என்று யாரும் அவரிடம் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

டீச்சர் அப்பாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் நம்பாமல் போய்விட்டேனே என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை. அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நீ நம்பாதது பெரிசில்லைம்மா" என்றார். "நானே என்னை நம்பலையே."